கையிருப்பு பூஜ்யம்

'ஃபில்மி' என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். இன்க்ரிமென்ட் மறுக்கப்பட்ட ஆசாமி மேனேஜர் ரூமிலிருந்து வெளியே வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையையே வெறித்துப் பார்த்தால், 'ரொம்ப ஃபில்மியா பண்றான்டா' என்போம். செடிகொடியிலும் ஒரு ஃபில்மி உண்டு. ஃபில்மி ஃபெர்ன். டூயட்டில் ஹீரோயின் ஓடிவந்து ஒளிந்துகொள்ளும் ஆளுயரச் செடி அல்ல. அதெல்லாம் இதற்குப் பெரியப்பா முறை. ஃபிலிம் என்றால் சவ்வு. பால் ஆறினால் மேலே படிகிறதே, அந்த ஏடு. தமிழில் சவ்வுப் பெரணி என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரணி தெரியும்தானே? பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. இலையில் மூக்குப்பொடி மாதிரி ஒட்டியிருக்கும் வித்துத் தூளை வைத்தே வம்சத்தை ஓட்டுகிற ஜாதி. ரிசப்ஷன் பொக்கேயில் ரோஜாவுக்கு முதுகு கொடுத்துக்கொண்டு நிற்கும் பச்சை இலை பல சமயம் இந்த ஜாதிதான். அதில் சவ்வுப் பெரணிகள் ஒரு தனிக் குடும்பம். உலகம் முழுக்கச் சுமார் 430 இனங்கள். பாதிக்கு மேல் மழைக்காட்டுப் பேர்வழிகள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும் இருக்கின்றன, யாருக்கும் தெரியாமல்.

எவ்வளவு மெல்லியது என்று சொல்கிறேன். ஸ்கூல் லேபில் வெங்காயம் உரித்து, உள்பக்கச் சவ்வைப் பிய்த்து, மைக்ராஸ்கோப்பில் செங்கல் சுவர் மாதிரி பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அந்தச் சவ்வின் கனம் ஒரே ஒரு செல். இந்தப் பெரணியின் இலையும் நரம்பை விட்டுவிட்டால் அவ்வளவுதான், ஒரு செல் கனம். மாமரத்து இலை, அரச இலை எல்லாம் அடுக்குமாடி. மேலே மெழுகுப் பூச்சு, கீழே காற்று போய்வர வாசல்கள், வாசலுக்கு இரண்டு காவல் செல்கள், நடுவே மாடி மாடியாகச் சமையலறை. சவ்வுப் பெரணியில் அந்த வாசல் கிடையாது. மெழுகுப் பூச்சு பெயரளவுக்கு, அல்லது அதுவும் கிடையாது. இலை முழுக்கவே வாய், இலை முழுக்கவே மூக்கு. மேலே விழும் ஈரத்தை அப்படியே குடிக்கிறது, அதே தோல் வழியாக மூச்சு விடுகிறது.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் குடியிருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே ரூம். அதிலேயே ஸ்டவ், அதிலேயே படுக்கை, அதிலேயே கொடி கட்டித் துணி காயும்.

இன்னும் கேளுங்கள். இந்தக் குடும்பத்தில் பலதுக்கு வேரே இல்லை. கறுப்பு நூல் மாதிரி ஒரு தண்டு பாறை மேல் ஓடும், மயிர் மாதிரி தும்புகளால் ஒட்டிக்கொள்ளும். வேர் என்பது தண்ணீர் இறைக்கிற மோட்டார். இலையே நேரடியாகக் குடிக்கும்போது மோட்டாருக்கு எதற்குக் கரன்ட் பில்? சில இனங்களில் இலைக்குள் 'பொய் நரம்பு' என்று ஒன்று ஓடும். பார்க்க நரம்பு மாதிரியே இருக்கும், மெயின் லைனோடு கனெக்‌ஷன் இருக்காது. சில ஆபீஸ்களில் அப்படிப்பட்ட சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது ஒரு அபூர்வமான பேலன்ஸ் ஷீட். சேமிப்பு இல்லை, கிடங்கு இல்லை, மேற்செலவு இல்லை. அன்றைய ஈரம் அன்றைக்கு. கையிருப்பு பூஜ்யம். இப்படி ஒரு கம்பெனி லோன் கேட்டு வந்தால் எந்த பேங்க் மேனேஜரும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நண்பர் ஒருவர்தான் எனக்கு இதைக் காட்டியது. ஆகஸ்ட் மாதம், வால்பாறைப் பக்கம், வனத்துறை அனுமதியோடு ஒரு காடு. வெடிப்பலா மரங்கள் எண்பது, நூறு அடிக்கு எழுந்து மேலே கை கோத்து நிற்கின்றன. காலை பதினொரு மணி. உள்ளே சாயங்காலம் ஆறரை. வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும் என்றார் நண்பர். மிச்சம் தொண்ணூற்றெட்டை மேலே இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பட்ஜெட் மாதிரி.

அட்டைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் வால்பாறைக் கட்டுரை செல்லாது. சாக்ஸுக்குள் பேன்ட்டைச் சொருகி, அதன் மேல் புகையிலைத் தண்ணீர் தடவி, உப்பு மூட்டையும் கையில் வைத்திருந்தோம். அட்டைகள் எதையும் சட்டை செய்யவில்லை. கூட வந்த வாச்சர் ரப்பர் செருப்பில் நடந்தார். அவரை ஒன்றும் கடிக்கவில்லை.

"எப்படிண்ணே?" என்றேன்.

"நீங்க நின்னு நின்னு பாக்கறீங்க சார். நிக்கறவனைத்தான் புடிக்கும்."

ஓடைக்கரையில் ஒரு பாறை, நிழல் பக்கம். பாசி என்று நினைத்து யாரும் தாண்டிப் போகக்கூடிய ஒரு பச்சை. நண்பர் மண்டியிட்டு டார்ச் அடித்தார். பாசி இல்லை. சுண்டு விரல் நீளத்தில் இலைகள், இறகு இறகாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் கண்ணாடி. இலைக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிகிறது. டார்ச் வெளிச்சத்தில் பச்சை நிற செலோபேன் காகிதம் மாதிரி பளபளத்தது. இலை நுனிகளில் குட்டிக் குட்டி ஸ்பீக்கர் குழாய்கள். குழாய்க்குள்ளிருந்து ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கிறது. வித்துகள் அந்த முடியைச் சுற்றித்தான் உண்டாகின்றன. பெயர் கிரெபிடோமனேஸ் பைபங்ட்டேட்டம். மடகாஸ்கரில் தொடங்கி, நம் மலை, இலங்கை, மலேசியா தாண்டி பசிபிக் தீவுகள் வரை சொந்தபந்தம் உள்ள ஆள்.

நான் கையை நீட்டினேன்.

"தொட்டுப் பாருங்க, பிய்க்காதீங்க" என்றார் நண்பர்.

தொட்டால் ஈரமான பட்டுத்துணி. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காய்ந்து போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். சுருண்டுவிடும். கறுத்து, சுருட்டிப் போட்ட டேப் மாதிரி ஆகி, செத்தது போலக் கிடக்கும். மறுபடி மழை வந்தால் இலை தண்ணீர் குடித்து விரிந்து, ஒன்றுமே நடக்காதது போல வேலையைத் தொடங்கும். ஆனால் இந்த வித்தைக்கு ஒரு எல்லை உண்டு. மரத்தில் கொஞ்சம் உயரத்தில் வாழ்கிறவை நன்றாகத் தாங்கும். ஓடைக்கரை இருட்டில், வருஷம் பூரா ஈரத்திலேயே பழகியவை அவ்வளவு தாங்காது. நாலு நாள் சம்பளம் லேட்டானால் சமாளிப்பவனும் உண்டு, இரண்டாம் தேதியே கை நீட்டுபவனும் உண்டு.

வித்துகள் விஷயத்திலும் இதே கதை. மற்றப் பெரணிகளின் வித்து பெரும்பாலும் பழுப்பு நிறம், கெட்டித் தோல், வருஷக்கணக்கில் காத்திருக்கும். சவ்வுப் பெரணியின் வித்து பச்சை; தோல் மெல்லியது; ஆயுசு கொஞ்சம். உடனே ஈரமான இடத்தில் விழ வேண்டும். சீக்கிரம் மாற்றாவிட்டால் செல்லாத செக்.

விழுந்த பிறகு நடப்பதுதான் இளைஞர்கள் படிக்க வேண்டிய பகுதி. பெரணியின் வித்து நேரே பெரணியாக முளைக்காது. முதலில் வேறொரு சின்னச் செடி வரும். அதில்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்து, அடுத்த தலைமுறையாக நாம் பார்க்கும் பெரணி. மற்றப் பெரணிகளில் இந்த இடைக்காலச் செடி கொஞ்ச நாளில் மறைந்துவிடும். சவ்வுப் பெரணிகளில் பலவற்றில் இது பச்சை நூல்கண்டு மாதிரி, இல்லாவிட்டால் நாடா மாதிரி, வருஷக்கணக்கில் பாறை இடுக்கில் கிடக்கும். கல்யாணம் அமையாவிட்டால் பரவாயில்லை என்று தன்னிடமிருந்தே துண்டு துண்டாக உடைந்து பெருகிக்கொள்ளும்.

அமெரிக்காவின் கிழக்கே அப்பலேச்சியன் மலைப் பக்கம், நம் கிரெபிடோமனேஸுக்குப் பங்காளி ஒன்று இருக்கிறது. தெற்கே அலபாமா முதல் வடக்கே வெர்மான்ட் வரை குகை இடுக்குகளில் பச்சை நூலாகக் கிடக்கிறது. அதில் ஒரு முழு இலையைக்கூட இதுவரை யாரும் பார்த்ததில்லை. 1992-ல் தனி இனமென்று பெயர் வைத்தார்கள், நூலைப் பார்த்தே. பனியுகக் குளிரில் குடும்பஸ்தர்கள் எல்லாம் போய், பிரம்மச்சாரி மட்டும் மிஞ்சியதாக இருக்கலாம் என்பது ஒரு யூகம். மேன்ஷன்வாசிகள் இந்தச் செடியைத் தேசியச் சின்னமாக அறிவிக்கலாம்.

இனி கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கம். இதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அயர்லாந்தில் கில்லார்னி என்ற ஊர்ப் பக்கம் ஒரு சவ்வுப் பெரணி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்களுக்குப் பெரணிப் பைத்தியம் பிடித்தது. கிண்டல் இல்லை, 1855-ல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் அந்தப் பைத்தியத்துக்கு 'டெரிடோமேனியா' என்று பெயரே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூடையோடு கிளம்பி மலை மலையாக உரித்தார்கள். கில்லார்னி பெரணி ஏறக்குறையத் துடைத்தெடுக்கப்பட்டது. இன்று அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அதைப் பறித்தால் சட்டப்படி குற்றம். 1980-களின் கடைசியில்தான் ஒரு ஆறுதல்: அதன் பச்சை நூல்கண்டு, இலை இல்லாத பல இடங்களில் இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கூடைக்காரர்கள் கண்ணில் படாததால் பிழைத்தது.

பறித்துக்கொண்டு போனால் லண்டன் புகையில் பெரணி எப்படி வாழும்? அங்கே நுழைகிறார் டாக்டர் நத்தேனியல் வார்ட். லண்டனின் கிழக்குக் கோடியில் பிராக்டிஸ். வீட்டுப் பின்புறத்தில் பெரணி வளர்க்க ஆசை. கரிப்புகையில் ஒன்று விடாமல் செத்தது. 1829-ல், கூட்டுப்புழு ஒன்று அந்துப்பூச்சியாவதைப் பார்க்க ஒரு பாட்டிலில் ஈர மண்ணைப் போட்டுப் புதைத்து மூடி வைத்தார். பூச்சி வருவதற்கு முன்னால் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. பாட்டிலுக்குள் ஈரம் மேலே ஏறிக் கண்ணாடியில் படிந்து, வழிந்து மறுபடி மண்ணுக்கே வந்தது. டாக்டர் பூச்சியை மறந்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டி செய்ய ஆரம்பித்தார். கெட்டிக்கார நர்சரிக்காரர்களே வளர்க்க முடியாமல் தவித்த கில்லார்னி பெரணி, அவர் பெட்டிக்குள் நிம்மதியாக வளர்ந்தது.

1833-ல் இரண்டு பெட்டிகள் கப்பல் ஏறி சிட்னி போயின. மாதக்கணக்கில் உப்புக் காற்று. செடிகள் உயிரோடு இறங்கின. உடனே சாம்ராஜ்யத்துக்கு மூளையில் பல்ப் எரிந்தது. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை இந்தப் பெட்டிகளில் வைத்துத்தான் 1848-க்குப் பிறகு இமயமலைப் பக்கம் கொண்டு வந்தார். 1860-ல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா நீலகிரிக்கு இதே பெட்டியில் கிளம்பியது. 1876-ல் சுமார் 1,900 ரப்பர் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு இதே பெட்டியில். அங்கிருந்து திருவிதாங்கூர் எவ்வளவு தூரம்?

சின்கோனாவும் தேயிலையும் ரப்பரும் நட இடம் வேண்டுமே. மலைச்சரிவில், மழை பெய்யும் இடத்தில் வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு காடு நின்றுகொண்டிருந்தது. அதன் இருட்டில், பாறையில், நம் ஆள்.

பெரணி வளர்க்க முடியாத ஏக்கத்தில் பிறந்த பெட்டி, பெரணியின் வீட்டை இடித்துவிட்டுப் போயிற்று. டபுள் என்ட்ரியில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று என் அக்கவுன்டன்ஸி வாத்தியார்கூடத் திணறுவார்.

அதே காலத்தில் மெட்ராஸ் ராஜதானியில் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் என்று ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தார். 1857-ல் வன இலாகாவுக்கு வந்து, 1860 முதல் 1882 வரை அதன் தலைவர். ஆனைமலை, நீலகிரி, திருநெல்வேலி மலை எல்லாம் ஏறி இறங்கி, பெரணிகளை ஒவ்வொன்றாக வரைய வைத்து 1863 முதல் 'தென்னிந்தியப் பெரணிகள்' என்ற புத்தகத்தைப் பகுதி பகுதியாகக் கொண்டு வந்தார். பாறையில் ஒட்டிய இந்தச் சவ்வுகளுக்கும் அதில் இடமுண்டு. ஒரு பக்கம் காட்டைத் திருத்தித் தோட்டம். இன்னொரு பக்கம் காட்டில் இருப்பதற்கு லிஸ்ட். இரண்டும் ஒரே சர்க்கார், ஒரே மலைகள். வீட்டை விற்கும்போதுதான் பரணில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம், அந்த மாதிரி.

வால்பாறைக்கு வருகிறேன். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. 1890-களிலிருந்து பெரும்பகுதி எஸ்டேட். பச்சைப் படுக்கை விரித்த மாதிரி தேயிலை, நடுநடுவே மறந்து விட்டுப்போன மீசை மாதிரி காட்டுத் துண்டுகள். அந்தத் துண்டுகளில்தான் சிங்கவால் குரங்கு, இருவாச்சி எல்லாம் ஒண்டுக்குடித்தனம். துண்டு சின்னதாகச் சின்னதாக, ஓரம் அதிகம். ஓரம் அதிகமானால் வெயில் பக்கவாட்டில் நுழையும், காற்று நுழையும், உள்ளே ஈரம் குறையும். மரம் அப்படியேதான் நிற்கும். மேலேயிருந்து படம் எடுத்தால் காடு பச்சையாகத்தான் தெரியும். கீழே பாறையில் ஒரு கணக்கு மூடப்பட்டிருக்கும்.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இருபது வருஷத்துக்கு மேலாக, எஸ்டேட் கம்பெனிகளோடு பேசி, இந்தத் துண்டுகளில் உள்ளூர் மரக் கன்றுகளை நட்டுக்கொண்டிருக்கிறது. விதை பொறுக்கி, நர்சரியில் வளர்த்து, உண்ணிச்செடியை வெட்டிவிட்டு, குழி தோண்டி. பொறுமையான வேலை, கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. ஆனால் நண்பர் சொன்ன ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. "மரத்தை நடலாங்க. ஈரக் காத்தை எப்படி நடறது? மரமெல்லாம் பெரிசாகி, மேல மூடி, நிழல் கெட்டிப்பட்டு, அப்புறம் இது தானா வந்தாத்தான் உண்டு." பக்கத்தில் ஒரு பழைய துண்டில் அது மிஞ்சியிருந்தால்தான் வரவும் வரும். பச்சை வித்துக்குத்தான் ஆயுசு இல்லையே.

காட்டு நிலத்தை ரோடு, அணை, சுரங்கம் என்று வேறு காரியத்துக்கு எடுத்தால், எடுப்பவர்கள் சர்க்காருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அதன் பெயர் நெட் பிரசன்ட் வேல்யூ. ஆமாம், பி.காமில் உயிரை எடுத்த அதே நெட் பிரசன்ட் வேல்யூ. 2008-ல் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்ட ரேட், காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சத்திலிருந்து 10.43 லட்சம் ரூபாய் வரை. 2022-ல் உயர்த்தினார்கள். பழைய உச்ச ரேட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட 45 கிரவுண்டு. வகுத்துப் பாருங்கள்: கிரவுண்டு சுமார் 23,000 ரூபாய். மரம், மண், ஓடை, இருவாச்சி, பாறையில் சவ்வு, நூறு அடி உயர நிழல் எல்லாம் சேர்த்து. சென்னையில் இந்தக் காசுக்கு ஒரு ஃபிளாட்டின் இரண்டு மாச வாடகை.

பணத்தோடு வேறு இடத்தில் மரமும் நட வேண்டும் என்று சட்டம். நடுகிறார்கள். எத்தனை கன்று என்று எண்ணி ரிஜிஸ்டரில் எழுதுகிறார்கள். கன்றை எண்ணலாம், ஆடிட்டருக்கு அது போதும். ஒரு காட்டில் ஈரம் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க, ஓடைக்கரைப் பாறையில் டார்ச் அடித்துப் பார்க்கும் ஒரு ஆடிட்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பார்க்க ஆசைப்பட்டால் ஜூலையிலிருந்து நவம்பருக்குள் போங்கள். ஜனவரி, பிப்ரவரியில் போனால் சுருண்டு கிடக்கும், கறுத்த பாசி என்று தாண்டி வந்துவிடுவீர்கள். பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. டிபன் மேலே போய் வைத்துக்கொள்ளலாம். காட்டுக்குள் போக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லென்ஸ், ஒரு டார்ச் போதும். பறித்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். பஸ் அட்டகட்டி வருவதற்குள் டிபன் பாக்ஸில் கொஞ்சம் கறுப்பு நூல்தான் இருக்கும். சாக்ஸுக்குள் ஒரு அட்டை மட்டும் பொள்ளாச்சி வரை கூட வரும்.